செல்லுக்குள் உட்கரு எதில் கட்டப்பட்டிருக்கிறது?

பள்ளிப் பாடநூலில் இருக்கும் செல்லின் படத்தைப் பார்க்கும் எவருக்கும், உட்கரு என்பது சைட்டோபிளாசம் என்ற கூழில் தன்போக்கில் மிதந்துகொண்டிருக்கும் ஓர் உருண்டை என்றே தோன்றும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளி ஆய்வகங்களில் வெங்காயத் தோலை உரித்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளியைக் காண்கிறார்கள். அதை வரைந்து, "உட்கரு" என்று அம்புக்குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நிதானித்துப் பார்த்தால் அந்தப் புள்ளி பெரும்பாலும் நடுவில் இல்லை, ஓரமாகச் சுவரை ஒட்டியே இருக்கிறது என்பது தெரியும். நடுவிலுள்ள வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பை அதை ஒதுக்கித் தள்ளுகிறது என்று ஆசிரியர் சொல்வார், அது சரிதான். ஆனால் ஒதுக்கப்பட்ட உட்கரு அங்கேயே நிலைகொள்வதற்கும், வேர்த்தூவி நீளும்போது அதன் நுனிக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரே தொலைவில் தொடர்ந்து செல்வதற்கும் வாக்குவோல் மட்டும் காரணமாக முடியாது. உட்கருவை ஏதோ ஒன்று பிடித்திருக்க வேண்டும், தேவைப்படும்போது இழுக்கவும் வேண்டும்.

அந்தப் பிடி எது என்பது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான் தெளிவாயிற்று. ராபர்ட் பிரவுன் 1831-ஆம் ஆண்டு உட்கருவைப் பற்றி எடுத்துச் சொன்னதிலிருந்து கணக்கிட்டால் இது மிகவும் காலம் தாழ்ந்து வந்த அறிவு. டி.என்.ஏ.வைக் காக்கும் பெட்டகம் என்ற ஒரே கோணத்தில் உட்கருவைப் பார்த்துப் பழகியதால், அதற்கு எடையும் விறைப்பும் இடமும் உண்டு என்பதை உயிரியல் நெடுங்காலம் கவனிக்காமல் இருந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். நம் உடலின் பெரும்பாலான செல்களில் உட்கருவின் குறுக்களவு ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீட்டர். செல்லின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியதும் மிக விறைப்பானதும் அதுவே. அதைச் சுற்றி ஒரு சவ்வு அல்ல, இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. வெளிச்சவ்வு, செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலை என்னும் சவ்வுப் பின்னலோடு ஒரே தொடர்ச்சியாக ஓடுகிறது. உட்சவ்வின் உட்புறத்தில் லேமின் என்னும் புரத இழைகள் வலைபோலப் படர்ந்து உட்கருவுக்கு வடிவத்தையும் வலிமையையும் தருகின்றன. இரு சவ்வுகளுக்கும் இடையே 30 முதல் 50 நானோமீட்டர் இடைவெளி. வெளியே, செல்லின் சட்டகமாக மூன்று வகை இழைகள் ஓடுகின்றன: தசை சுருங்கவும் செல் ஊர்ந்து செல்லவும் பயன்படும் ஆக்டின் இழைகள், சரக்கேற்றிச் செல்லும் பாதைகளான நுண்குழல்கள், இழுவையைத் தாங்கும் இடைநிலை இழைகள். வெளியே ஓடும் இந்த இழைகளின் விசை, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கொழுப்புச் சவ்வுகளையும் அவற்றின் நடுவிலுள்ள இடைவெளியையும் கடந்து, உள்ளே இருக்கும் லேமின் வலையை எட்ட வேண்டும். சவ்வு என்பது எண்ணெய்ப் படலம் போல வழுக்கும் பொருள்; அதைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் நீண்டு வருமே தவிர, உள்ளிருப்பது அசையாது.

இப்படியொரு பிணைப்பு உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று 1997-இல் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டோனல்ட் இங்பரும் அவருடன் பணியாற்றியவர்களும், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் என்னும் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும் நுண்மணிகளை வைத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த மணிகளை இழுத்தார்கள். இழுத்தது செல்லின் வெளித்தோலை. ஆனால் உள்ளே உட்கரு அதே திசையில் நீண்டது, அதற்குள் இருந்த நியூக்ளியோலஸ் என்னும் சிறு உருண்டைகள்கூட இழுவையின் திசையில் வரிசையாக அமைந்தன. சட்டகத்தோடு தொடர்பில்லாத வேறு ஏற்பிகளில் மணிகளை ஒட்டி இழுத்தபோது உட்கரு அசையவில்லை. வெளியிலிருந்து உள்ளே வரை அறுபடாத ஒரு தொடர்ச்சி இருப்பதை இந்த ஒப்பீடு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஆனால் அந்தத் தொடர்ச்சியில் சவ்வுகளைக் கடக்கும் கண்ணி எது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

விடை வந்த இடம் யாரும் எதிர்பாராதது: மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. இதன் மேல்தோலின் பெரும்பகுதி தனித்தனிச் செல்களாக இல்லாமல், பல செல்கள் ஒன்றாக இணைந்த ஒரே பெருஞ்செல்லாக இருக்கிறது. முதிர்ந்த புழுவில் அந்த ஒரு செல்லுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உட்கருக்கள் இடைவெளி விட்டுச் சீராகப் பரவிக் கிடக்கும். சில புழுக்களில் மட்டும் இந்த ஒழுங்கு குலைந்து, புழு நெளியும்போதெல்லாம் உட்கருக்கள் அங்குமிங்கும் அலைந்து, ஓரிடத்தில் குவியலாகச் சேர்ந்துவிடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் புழுக்களில் பழுதுபட்டிருந்த ஜீன்களைத் தேடிப் போனபோது இரண்டு புரதங்கள் கிடைத்தன. 1999-இல் அடையாளம் காணப்பட்ட அன்க்-84 உட்சவ்வில் பதிந்திருப்பது. 2002-இல் டேனியல் ஸ்டாரும் மின் ஹானும் விவரித்த ஆங்க்-1 ஏறத்தாழ 8,500 அமினோ அமிலங்கள் கோத்த பெருமூர்த்தி. அதன் ஒரு முனை ஆக்டினைப் பிடிக்கிறது, மறுமுனை உட்கருவின் வெளிச்சவ்வில் ஊன்றியிருக்கிறது.

இந்த இரண்டையும் ஒத்த புரதங்கள் ஈஸ்ட் முதல் மனிதர் வரை இருப்பது அடுத்தடுத்துத் தெரியவந்தது. உட்சவ்வில் ஊன்றியிருக்கும் குடும்பத்துக்குச் சன் புரதங்கள் என்றும், வெளிச்சவ்வில் ஊன்றியிருக்கும் குடும்பத்துக்குக் காஷ் புரதங்கள் என்றும் பெயர். சன் புரதத்தின் ஒரு முனை உட்கருவுக்குள் லேமினைத் தொட்டுக்கொண்டிருக்க, மறுமுனை சவ்வுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் நீண்டிருக்கிறது. காஷ் புரதத்தின் பேருடல் சைட்டோபிளாசத்தில் இருக்க, அதன் சிறுவால் மட்டும் வெளிச்சவ்வைத் துளைத்து அதே இடைவெளிக்குள் எட்டிப் பார்க்கிறது. இடைவெளியில் இரண்டும் கை கோத்துக்கொள்கின்றன. 2006 முதல் இந்த முழுப் பிணைப்பையும் லிங்க் தொகுதி என்று அழைக்கிறார்கள்.

கை கோப்பு எப்படி நடக்கிறது என்பதை அணு அளவில் காட்டும் படிக அமைப்பு 2012-இல் வெளியானது. மூன்று சன் புரதங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரு தண்டாகி, நுனியில் மூவிதழ் மலர் போல விரிகின்றன. அடுத்தடுத்த இரண்டு இதழ்கள் சேரும் பள்ளத்தில் ஒரு காஷ் வால் படுத்துக்கொள்கிறது. ஆக மூன்று பள்ளங்கள், மூன்று வால்கள். ஒற்றைச் சன் புரதத்தால் காஷைப் பிடிக்க முடியாது, மூன்றும் சேர்ந்தால்தான் பிடி உண்டாகிறது. வாலின் நுனி சிறு குழி ஒன்றுக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த நுனியில் சில அமினோ அமிலங்களை நீக்கினாலோ, வேறு ஏதேனும் கூடுதலாக ஒட்டினாலோ பிடி நழுவிவிடும். இதற்கும் மேலாக, சன் புரதத்திலும் காஷ் வாலிலும் உள்ள கந்தக அணுக்கள் தமக்குள் டைசல்பைடு பிணைப்பை உண்டாக்கிக்கொள்வதால், பலமான இழுவையின்போதும் பூட்டு திறந்துகொள்வதில்லை. குன்றக்குடித் தேரின் வடத்தை எத்தனை நூறு பேர் இழுத்தாலும், அந்த இழுவை முழுவதும் வடத்தைத் தேரோடு பிணைத்த இடத்தைக் கடந்துதான் சக்கரத்துக்குப் போகிறது. அந்தப் பிணைப்புத் தளர்ந்தால் வடம் மட்டும் வரும், தேர் நின்ற இடத்தில் நிற்கும். சன்னும் காஷும் கோத்துக்கொள்ளும் இடம் அப்படிப்பட்டது.

சைட்டோபிளாசத்தின் பக்கம் வந்தால், எல்லா இழைகளுக்கும் ஒரே கொக்கி போதாது. மனிதரில் இந்தக் கொக்கிகளில் முக்கியமானவை நெஸ்பிரின்கள். நெஸ்பிரின்-1, நெஸ்பிரின்-2 ஆகியவற்றின் பெரிய வடிவங்கள் ஆக்டினைப் பற்றுகின்றன. நெஸ்பிரின்-1-இன் முழு நீளம் கிட்டத்தட்ட 8,800 அமினோ அமிலங்கள், நம் உடலின் மிகப் பெரிய புரதங்களில் ஒன்று. நெஸ்பிரின்-3, பிளெக்டின் என்ற இடைத்தரகர் மூலம் இடைநிலை இழைகளோடு சேர்கிறது. நெஸ்பிரின்-4, நுண்குழல்களின் மேல் ஓடும் கைனெசின் என்னும் மோட்டார்ப் புரதத்தைப் பிடிக்கிறது. விந்தணுவும் முட்டையும் உருவாகும் மியாசிஸ் பிரிவின்போது மட்டும் காஷ்-5 என்ற தனிக்கொக்கி வேலைக்கு வருகிறது. அப்போது குரோமோசோம்களின் நுனிகள் உட்சவ்வில் சன்-1 இருக்கும் இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ள, வெளியிலிருந்து டைனின் மோட்டார்கள் அவற்றை முன்னும் பின்னும் இழுத்து, தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவுகின்றன. சன்-1 இல்லாத எலிகளுக்குக் குட்டி பிறப்பதில்லை.

இந்தப் பிணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த சான்று, ஆறிவரும் ஒரு காயம். அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொள்ளாத வீடு இருக்காது. இரண்டொரு நாளில் வெட்டுவாயின் ஓரத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசுச் செல்கள் காயத்தை நோக்கி ஊரத் தொடங்குகின்றன. ஊர்வதற்கு முன் செல் தன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அது முதலில் செய்வது, உட்கருவைப் பின்னால் தள்ளுவது. காயம்பட்ட செல்விரிப்பை ஆய்வகத்தில் உருவாக்கி, இதை 2010-இல் கிரெக் கண்டர்சனின் குழு உயிருள்ள செல்களில் படம்பிடித்தது. உட்கருவின் மேல் குறுக்காக ஓடும் ஆக்டின் வடங்கள் மெல்லப் பின்னோக்கி நகர்கின்றன. ஒவ்வொரு வடத்தின் அடியிலும் நெஸ்பிரின்-2-உம் சன்-2-உம் முத்துக்கோத்தாற்போல வரிசையாகச் சேர்ந்து, வடம் போகும் திசையில் உட்கருவையும் இழுத்துச் செல்கின்றன. இவற்றில் ஒன்றை நீக்கினால் ஆக்டின் வடம் வழக்கம்போலப் பின்னால் போகிறது, உட்கரு மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. மேலே சொன்ன பிணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தசையில் இந்தப் பிணைப்பின் பொறுப்பு இன்னும் பெரியது. தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டில் காளையின் திமிலைப் பற்றித் தொங்கும் இளைஞனின் புயத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு தசைநாரும் ஒரே செல்; அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். நார் சுருங்கும்போது அவை நசுங்கக் கூடாது, இடம் மாறி ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஆகவே அவை நாரின் ஓரத்தில் சவ்வை ஒட்டிச் சீரான இடைவெளியில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. நரம்பு வந்து சேரும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் சில உட்கருக்கள் கூட்டமாக இருத்தப்படுகின்றன, ஏனெனில் அங்கே தேவைப்படும் புரதங்களை அருகிலிருந்தே வழங்க வேண்டும். சன் புரதமோ நெஸ்பிரின்-1-ஓ இல்லாத எலிகளில் இந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. உருளைப்புழுவில் 2014-இல் செய்த ஆய்வு இன்னொரு செய்தியையும் தருகிறது: இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சன் புரதத்தின் தண்டுதான் ஓர் அளவுகோல் போல நிர்ணயிக்கிறது என்று பலர் நம்பியிருந்தார்கள், ஆனால் சன் புரதம் இல்லாதபோதும் மற்றத் திசுக்களில் இடைவெளி மாறவில்லை, கடும் விசைக்கு உள்ளாகும் தசைச் செல்களில் மட்டுமே சவ்வுகள் விலகிப் பிரிந்தன. அழகான ஒரு கருதுகோளை எளிய அளவீடு திருத்தியது என்பதால் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

இழுபடும் உட்கரு தன்னை மாற்றிக்கொள்வதும் உண்டு. மூளை போன்ற மென்மையான திசுக்களில் லேமின்-ஏ குறைவாகவும், தசை, எலும்பு போன்ற விறைப்பான திசுக்களில் அதிகமாகவும் இருப்பதை டென்னிஸ் டிஷரின் குழு 2013-இல் அளந்து காட்டியது. அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வில், செல்லிலிருந்து தனியே பிரித்தெடுத்த உட்கருவின் நெஸ்பிரின்-1-ஐ மட்டும் பிடித்து மீண்டும் மீண்டும் இழுத்தபோது, ஒவ்வோர் இழுப்பிலும் உட்கரு சற்றே கூடுதலாக விறைத்தது; உட்சவ்விலுள்ள எமரின் என்ற புரதம் அதற்கு உதவுகிறது. செல் முழுவதும் இல்லாத நிலையில், வெறும் உட்கருவே இழுவையை உணர்ந்து பதில் தருகிறது என்பது இதன் பொருள்.

எமரின் என்ற பெயர் எமரி-டிரைஃபஸ் தசைநலிவு நோயிலிருந்து வந்தது. குழந்தைப் பருவத்திலேயே முழங்கையும் குதிகால் நாணும் கழுத்தும் இறுகத் தொடங்கி, தோள், கால் தசைகள் மெலிந்து, பின்னர் இதயத்தின் மின்துடிப்பு தடைபடுவது இந்நோயின் போக்கு. எமரின் ஜீனில் உள்ள பழுது இதற்குக் காரணம் என்று 1994-இலும், லேமின்-ஏ ஜீனின் பழுதும் காரணமாகலாம் என்று 1999-இலும் தெரியவந்தது. ஒரு குடும்பத்தில் இந்நோய் இருப்பது தெரிந்தால், கைகால் வலிமை நன்றாக இருப்பவர்களும் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பேஸ்மேக்கர் உரிய காலத்தில் பொருத்தப்பட்டால் திடீர் இதயநிறுத்தம் பலருக்குத் தவிர்க்கப்படும். மூட்டு இறுகியதை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துவது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

உடல் முழுவதிலும் உள்ள செல்களில் இருக்கும் ஒரு புரதம் பழுதானால், தசையும் இதயமும் மட்டும் முதலில் ஏன் கெடுகின்றன? இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்குகிறது; ஒவ்வொரு சுருக்கத்திலும் லிங்க் தொகுதி வழியாக உட்கரு இழுபடுகிறது. லேமின் வலை நலிந்திருந்தால், அந்த இழுவையே உட்கருவைச் சிதைக்கத் தொடங்குகிறது. இந்த விளக்கம் சரியென்றால், நலிந்த உட்கருவின் மேல் உள்ள பிணைப்பைத் தளர்த்திவிட்டால் நன்மை உண்டாக வேண்டும். இதைச் சோதித்துப் பார்த்தவர்களில், செட்டிநாட்டார் ஒரு காலத்தில் வணிகம் செய்யப் போன சிங்கப்பூரில் இருக்கும் ஆய்வாளர்களும் உண்டு. லேமின்-ஏ பழுதுபட்ட எலிகளில் சன்-1 தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதையும், அதை நீக்கினால் அந்த எலிகள் கூடுதல் காலம் வாழ்வதையும் 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயத் தசையில் மட்டும் லிங்க் பிணைப்பைக் குலைத்தாலே எலிகளின் ஆயுள் நீள்கிறது என்று 2021-இல் காலின் ஸ்டுவர்ட்டின் குழு வெளியிட்டது. நலமான உட்கருவுக்கு இன்றியமையாத கட்டு, நலிந்த உட்கருவுக்குச் சுமையாகிறது. எலியில் கிடைத்த இந்த முடிவு மனிதருக்கு மருந்தாக இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். ஆயினும் இந்நோய்க்கான சிகிச்சையில் என்னை நம்பிக்கை கொள்ளச் செய்யும் பாதைகளில் இதுவே முதன்மையானது.

பிணைப்பு இல்லாமற்போவதால் வரும் கேட்டுக்குக் காது ஒரு நல்ல சான்று. உட்செவியின் வெளிவரிசை மயிர்ச்செல்கள் நெடிய தூண்களைப் போன்றவை. அவற்றின் உட்கரு அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். நெஸ்பிரின்-4 பழுதானால் உட்கரு முதலில் சரியான இடத்தில்தான் இருக்கிறது. பின்னர் மேல்நோக்கி நழுவிப் போக, செல் நாளடைவில் மடிகிறது. இஸ்ரேலில் இரண்டு குடும்பங்களில் பரம்பரையாக வந்த செவிக்குறைபாட்டுக்கு இந்த ஜீனே காரணம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு முதலில் கேட்காமற்போனது உயர்ந்த சுருதி ஒலிகள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான படிகள் சேர்ந்தால்தான் இக்குறை வெளிப்படும். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணமுடிக்கும் வழக்கம் உள்ள நம் பகுதியில் இத்தகைய ஒடுங்கு பண்பு நோய்களுக்கு வாய்ப்புக் கூடுதல் என்பதால், வீட்டில் காரணம் தெரியாத பிறவிச் செவிக்குறை இருந்தால் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. நெஸ்பிரின்-1 பழுதானால் சிறுமூளை நலிந்து நடை தள்ளாடும் நோய் வருவதும் 2007-இல் கனடாவின் கியூபெக் மாநிலக் குடும்பங்களில் உறுதியானது. அதுவும் இதே வகையில் பரம்பரையாக வருவதே.

இவ்வளவு சான்றுகள் சேர்ந்த பின்னும் முழுக்கதையும் எழுதி முடிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இருந்த ஆங்க்-1 புரதத்தையே 2021-இல் டேனியல் ஸ்டாரின் ஆய்வகம் மறுபடி சோதித்தது. ஆக்டினைப் பிடிக்கும் முனையை வெட்டி நீக்கியபோதும் புழுவின் உட்கருக்கள் பெரும்பாலும் இடம் மாறவில்லை. உட்கருவைப் பிடிக்கும் காஷ் வாலை நீக்கியபோது ஓரளவே நகர்ந்தன. ஆனால் ஆங்க்-1 முழுவதுமாக இல்லாதபோது உட்கரு மட்டுமல்ல, எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்டிரியாக்களும் சேர்ந்தே செல்லுக்குள் அலைந்தன. ஆகவே குறைந்தது அந்த மேல்தோல் செல்லில், ஆங்க்-1 உட்கருவை ஆக்டினோடு நேரடியாகக் கட்டிப்போடும் கயிறாக மட்டும் இருந்து வேலை செய்யவில்லை. எண்டோபிளாச வலை உட்பட சைட்டோபிளாசம் முழுவதையும் ஒரு கட்டுக்கோப்பில் வைத்திருக்கிறது, அந்தக் கட்டுக்கோப்புக்குள் உட்கருவும் நிலைபெறுகிறது. வெளிச்சவ்வும் எண்டோபிளாச வலையும் ஒரே தொடர்ச்சி என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பாகத் தோன்றாது. ஃபைப்ரோபிளாஸ்டில் உட்கருவைப் பின்னோக்கி இழுக்கும் நேரடிப் பிடியும், புழுவின் மேல்தோலில் காணும் இந்தப் பரந்த பிடியும் மனிதத் தசைநாருக்குள் எந்த அளவில் கலந்து செயல்படுகின்றன என்பதே இப்போது ஆய்வகங்கள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி.